கல்கத்தாவின் சேறும் பாதாள ரயிலும்

கேள்வி இதுதான்: "இந்தியாவின் முதல் மெட்ரோ டில்லிக்கும் பம்பாய்க்கும் வராமல் கல்கத்தாவுக்கு எப்படி வந்தது? வந்ததுதான் வந்தது, 16 கிலோமீட்டர் பாதை போட 20 வருஷத்துக்கு மேல் ஏன் பிடித்தது? வங்காளத்தில் வேலை நடக்காது என்கிறார்களே, அதுதான் காரணமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. பணம் வராதது ஒரு காரணம், கோர்ட்டுத் தடைகள் ஒரு காரணம், சிமென்டும் கம்பியும் நேரத்துக்குக் கிடைக்காதது இன்னொன்று. இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது சேறு. அதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. எனக்கு அப்படித் தோன்றுவதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. அப்பாவின் மாற்றல் உத்தியோகத்தால் நான் பள்ளிக்கூடம் படித்தது தெற்குக் கல்கத்தாவில், தமிழர்கள் நிறையக் குடியிருந்த லேக் மார்க்கெட் பக்கம். மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தைத் தாண்டித்தான் நாலைந்து வருஷம் பள்ளிக்கூடம் போனேன். பிற்பாடு சிவில் இன்ஜினியரிங் படித்து, மண் பரிசோதனையே தொழிலாகிவிட்டது. ஆகவே மண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

கல்கத்தா நிற்பது ஹூக்ளி ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டலின் மேல். மேலே சில மீட்டருக்குப் பழுப்பான களிமண். அதற்குக் கீழே கருஞ்சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒரு களிமண் அடுக்கு, நடுநடுவே மக்கிப்போன மரத்துண்டுகளோடு இருக்கும். இந்த நகரத்தில் ஆழமாகக் குளம் வெட்டியபோது சுந்தரி மரத்தின் அடிக்கட்டைகள் கிடைத்திருக்கின்றன. இன்று சுந்தரவனத்தில் நிற்கிற அதே அலையாத்தி மரம்தான். அதாவது இந்த ஊரே ஒரு காலத்தில் சதுப்புக்காடு. இன்னும் கீழே போனால் கெட்டிக் களிமண், அதற்கும் கீழே தண்ணீர் நிறைந்த மணல். நிலத்தடி நீரோ தரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டரிலேயே நிற்கும். லண்டனில் 1863-லேயே பாதாள ரயில் ஓடியது என்று ஒப்பிடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. லண்டனின் ஆழ்சுரங்கங்கள் பெரும்பாலும் ஓடுவது இறுகிய நீலக் களிமண்ணில். அதைக் குடைந்தால் கொஞ்ச நேரமாவது தன் காலில் நிற்கும். கல்கத்தாவின் மேலடுக்குக் களிமண்ணில் குழி பறித்தால், பறித்த குழியின் அடிமட்டமே மெதுவாக மேலே எழும்பி வரும்.

இது வெள்ளைக்காரனுக்கும் தெரிந்திருந்தது. 1919-ல் சிம்லாவில் கூடிய இம்பீரியல் சட்டமன்றத்தில் கல்கத்தாவின் போக்குவரத்து பற்றிப் பேச்சு வந்து, டபிள்யூ. இ. கிரம் என்பவர் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். அதன் பரிந்துரையைத் தொடர்ந்து, லண்டனின் டியூப் பாதைகளைப் போட்ட அனுபவசாலியான ஹார்லி டால்ரிம்பிள்-ஹே 1921-ல் ஒரு திட்டம் தீட்டிக் கொடுத்தார். கிழக்கே பாக்மாரியிலிருந்து மேற்கே ஹவுராப் பக்கத்து சால்கியா வரை, சுமார் 10 கிலோமீட்டர். நடுவில் ஹூக்ளியின் அடியில் சுரங்கம்! திட்டம் காகிதத்தோடு நின்றது. அவ்வளவு பணத்தை இறக்க யாரும் முன்வரவில்லை. ஆனால் அதே மனிதர் சில வருஷம் கழித்து மின்சாரக் கம்பெனிக்காக ஹூக்ளியின் அடியில் ஒரு குறுகிய சுரங்கத்தைக் கட்டி முடித்துவிட்டார். 1931-ல் முடிந்தது அது. ரயில் போக முடியாது, மின்கேபிள் போகலாம். ஆற்றுக்கு அடியில் போக முடியும் என்பது அப்போதே நிரூபணம் ஆகிவிட்டது என்பதற்காகச் சொல்கிறேன். மனிதர்கள் போக இன்னும் தொண்ணூற்றுச் சொச்சம் வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, ஏன் கல்கத்தா முதலில்? தேவை அங்கேதான் உச்சத்தில் இருந்தது. பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து லட்சக்கணக்கில் அகதிகள் வந்து குவிந்தார்கள். ஆற்றின் அக்கரையில் ஹவுரா ஸ்டேஷன், இக்கரையில் அலுவலகங்கள், நடுவில் முக்கிய வழியாக 1943-ல் திறந்த அந்த ஒற்றை ஹவுராப் பாலம். நகரத்தின் பரப்பில் சாலைக்கு என்று இருந்தது 4.2 சதவீதம்தான் என்று மெட்ரோ ரயில்வே தன் கணக்கில் சொல்கிறது; டில்லிக்கு அது 25 சதவீதம். பம்பாய்க்கு 1925-லிருந்தே மின்சாரப் புறநகர் ரயில் இருந்தது, அது நகரத்தின் நடு வயிற்றுக்குள்ளேயே வந்து இறக்கிவிடும். கல்கத்தாவில் புறநகர் ரயில் ஹவுராவிலும் சியால்டாவிலும் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போய்விடும். அப்புறம் டிராமில் தொங்க வேண்டியதுதான். முதலமைச்சர் பிதான் சந்திர ராய் 1949-50 வாக்கிலேயே பிரெஞ்சு நிபுணர்களை வரவழைத்துப் பார்த்தார். அப்போதும் ஒன்றும் நகரவில்லை.

1969-ல் ரயில்வே 'மெட்ரோபாலிட்டன் டிரான்ஸ்போர்ட் பிராஜெக்ட்' என்று ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. இதே பெயரில் சென்னையிலும் ஓர் அலுவலகம் இருந்தது. நம்முடைய பறக்கும் ரயில் அந்த வயிற்றில் பிறந்த பிள்ளைதான். கல்கத்தா அலுவலகம் சோவியத் நிபுணர்களையும் கிழக்கு ஜெர்மானியரையும் வைத்துக்கொண்டு 1971-ல் ஒரு பெருந்திட்டம் போட்டது. மொத்தம் ஐந்து பாதைகள், 97.5 கிலோமீட்டர். அதில் முதலாவதாக எடுத்துக்கொண்டது வடக்கே டம்டம்மிலிருந்து தெற்கே டாலிகஞ்ச் வரையிலான நேர்க்கோடு. 1972 ஜூனில் அனுமதி. அதே வருஷம் டிசம்பர் 29-ஆம் தேதி இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். அந்த ஆரம்ப நாட்களில் துணைத் தலைமைப் பொறியாளராக இருந்து திட்டமிடலில் ஈடுபட்டவர் ஈ. ஸ்ரீதரன். ஆம், பாம்பன் பாலத்தைப் புயலுக்குப் பிறகு நிமிர்த்தியவர், பிற்பாடு டில்லி மெட்ரோவைக் கட்டியவர், அவரேதான்.

இப்போது நீங்கள் கேட்ட கால தாமதத்தின் முடிச்சுக்கு வருகிறேன். சுரங்கம் போட இரண்டு வழி. ஒன்று, பூமிக்குள்ளேயே குடைந்துகொண்டு போவது. மற்றது, தெருவை மேலிருந்து வெட்டித் திறந்து, உள்ளே கான்கிரீட் பெட்டி கட்டி, திரும்ப மூடுவது. கல்கத்தாவில் கிட்டத்தட்ட முழுப் பாதைக்கும் இரண்டாவது வழியைத்தான் எடுத்தார்கள். அந்தக் காலத்தில் இளகிய களிமண்ணில் குடைய வேண்டும் என்றால் காற்றழுத்தம் வைத்து மனிதர்கள் உள்ளே போய்த் தோண்ட வேண்டும். செலவு அதிகம், ஆபத்து அதிகம். வெட்டி மூடினால் ஸ்டேஷன்கள் மேலாகவே இருக்கும், ஜனங்களுக்குப் படி குறைவு. காகிதத்தில் பார்த்தால் மிக நியாயமான முடிவு. ஆனால் அந்தக் காகிதத்தில் சௌரங்கியும் சித்தரஞ்சன் அவென்யூவும் அசுதோஷ் முகர்ஜி ரோடும் வெறும் கோடுகள். தரையில் அவை ஊரின் முதுகெலும்பு.

வெட்டுவதற்கு முன்னால் தெருவுக்கு அடியில் இருப்பதையெல்லாம் அப்புறப்படுத்த வேண்டும். விக்டோரியா காலத்துச் செங்கல் சாக்கடைகள், குடிநீர்க் குழாய், எரிவாயுக் குழாய், மின்கேபிள், டெலிபோன் கேபிள், மேலே டிராம் தண்டவாளம். எது எங்கே போகிறது என்பதற்கு முழுமையான வரைபடம் ஏது? தோண்டத் தோண்டத்தான் தெரியும். குழாயை மாற்றுகிற வேலைக்கே வருஷங்கள் போயின.

அதற்குப் பிறகு டயாஃப்ரம் சுவர். இது அழகான வித்தை, கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். தெருவின் இரு ஓரத்திலும் இரண்டடி அகலத்துக்கு ஒடுக்கமாக, ஆனால் மிக ஆழமாக, துண்டு துண்டாகப் பள்ளம் எடுப்பார்கள். வெறும் பள்ளம் என்றால் கல்கத்தா மண் ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் சரிந்துவிடும். அதனால் தோண்டத் தோண்ட அதில் பென்டோனைட் என்கிற களிமண்ணைக் கரைத்த கரைசலை ஊற்றிக்கொண்டே வருவார்கள். தோசை மாவைவிட நீர்த்த பதம். தண்ணீரைவிடக் கனமான அந்தக் கரைசல் பள்ளத்தின் பக்கங்களைத் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். அடிவரை போனதும் கம்பிக்கூட்டை இறக்கி, குழாய் வழியாக அடியிலிருந்து கான்கிரீட் ஊற்றினால், கான்கிரீட் ஏற ஏறக் கரைசல் மேலே வழிந்து வெளியேறும். கடைசியில் மண்ணுக்குள் ஒரு கான்கிரீட் சுவர் நிற்கும். இரண்டு பக்கமும் சுவர் நின்ற பிறகு நடுவில் மண்ணை அள்ள வேண்டும். சுவர்கள் உள்ளே சாயாமல் இருக்க இரும்பு உத்திரங்களைக் குறுக்கே கொடுத்துக்கொண்டே இறங்க வேண்டும். மேலே மரப்பலகையோ இரும்புத் தகடோ போட்டு வண்டிகள் ஓடும். கீழே ஆட்கள் வேலை செய்வார்கள். இந்த நாட்டில் இவ்வளவு பெரிய அளவில் இதற்கு முன் யாரும் செய்து பார்த்ததில்லை. சொல்லித்தர ஆளில்லை, செய்து செய்துதான் கற்றுக்கொண்டார்கள்.

எனக்கு நினைவிருப்பது ராஷ்பிஹாரி முனையில் கிடந்த பள்ளம். மழைக்காலத்தில் அந்தப் பலகைகள் வழுக்கும். அம்மா ஒரு கையால் புடவையைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் என்னை இழுத்துக்கொண்டு போவாள். தோண்டிப் போட்ட சேறு சாம்பல் நிறத்தில் ஓரமாக மலைபோல் கிடக்கும், அழுகிய இலை வாசனை அடிக்கும். ஷூவில் ஒட்டினால் பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் போகாது. கடைக்காரர்கள் வாசலில் தகரம் அடித்துவிட்டு, யாராவது உள்ளே வருவார்களா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "அடுத்த பூஜைக்குள்ளே ஓடிடும் மாமா" என்று எதிர்வீட்டு வங்காளிப் பையன், அப்பாவைத் தமிழிலேயே அழைத்து, வருஷா வருஷம் சொல்வான். அப்பா சிரிப்பார். "ரயில் வரட்டும் வராமப் போகட்டும்டா, பாதாளம் வந்துடுத்து" என்பார்.

பணக் கதைக்கு வருகிறேன். 1972-ல் போட்ட மதிப்பீடு சுமார் 140 கோடி ரூபாய். முடிந்தபோது ஆனது அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். இதை வைத்துத்தான் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆனால் 1977-78 வரை வருஷா வருஷம் ஒதுக்கியது சொற்பம். ஒரு தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டு அடுத்த பட்ஜெட் வரை காத்திருந்தால், செலவு குறையாது. காவலும் பம்பும் பராமரிப்பும் தின்றுகொண்டே இருக்கும். என் தொழிலில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்: திறந்து போட்ட குழிதான் உலகத்திலேயே விலை அதிகமான குழி. இதற்கு நடுவில் வீட்டுக்காரர்களும் கடைக்காரர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் சுவரில் விரிசல் விட்டால் வேறெங்கே போவார்கள்? இந்தச் சிக்கல்களுக்கு முடிவு கட்டத்தான் 1978-ல் மெட்ரோ ரயில்வே கட்டுமானச் சட்டம் என்று ஒன்றைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. கல்கத்தாவுக்காக எழுதிய அந்தச் சட்டம் பிற்பாடு டில்லிக்கும் சென்னைக்கும் நீட்டிக்கப்பட்டது. அண்ணா சாலைக்கு அடியில் சுரங்கம் போட்டதற்கும் சட்டத்தின் வேர் ராஷ்பிஹாரி முனைச் சேற்றில்தான் இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில், வங்காளத்து மால்டாக்காரரான கனி கான் சௌத்ரி ரயில்வே மந்திரியானார். பணம் வரத் தொடங்கியது, வேலை விறுவிறுப்பானது. 1984 அக்டோபர் 24. எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை 3.4 கிலோமீட்டர், ஐந்து ஸ்டேஷன். இந்தியாவின் முதல் பாதாள ரயில் ஓடியது. ஓட்டியவர்கள் தபன் குமார் நாத், சஞ்சய் சீல் என்ற இருவர். அடிக்கல் நாட்டிய இந்திரா காந்தி அதற்குச் சரியாக ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 31-ஆம் தேதி கொல்லப்பட்டார். அதனால் எங்கள் தலைமுறைக்கு அந்த அக்டோபர் இரண்டு காரணங்களுக்காக நினைவில் நிற்கிறது. நவம்பர் 12-ல் வடக்குக் கோடியில் டம்டம்–பெல்காச்சியா என்று தனியாக ஒரு துண்டு திறந்தது. நடுவில் பாதை இல்லை. இரண்டு துண்டுகளும் ஒன்றையொன்று பார்க்காமல் ஓடின. எங்கள் பக்கத்துக்கு, டாலிகஞ்ச் வரை, வந்தது 1986 ஏப்ரல் 29-ல். காளிகாட் ஸ்டேஷன் எங்கள் வீட்டிலிருந்து நடை தூரம். அப்பா அன்று சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து ஷூவைத் திருப்பிக் காட்டினார். சுத்தமாக இருந்தது.

ரயில் பெட்டிகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? நம்ம பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையிலிருந்து. வெளிநாட்டிலிருந்து வாங்கி இறக்கியிருக்கலாம், மற்ற சில ஊர் மெட்ரோக்கள் பிற்பாடு அப்படித்தான் தொடங்கின. கல்கத்தா அப்படிச் செய்யவில்லை. பெட்டி பெரம்பூர், மின்சாரச் சாதனம் பெங்களூர் என்.ஜி.இ.எஃப். கம்பெனி. தண்டவாளமும் நம்ம ஊர் அகலப்பாதை அளவு, 1676 மில்லிமீட்டர். மின்சாரம் மட்டும் தலைக்கு மேலே கம்பியில் வராமல், பக்கத்தில் ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட்டாக வரும். ஏ.சி. கிடையாது, ஸ்டேஷனில்தான் குளிர்ந்த காற்று. 2010-ல் ஏ.சி. பெட்டிகள் வந்ததும் பெரம்பூரிலிருந்துதான். ஏ.சி. இல்லாத பழைய பெட்டிகளுக்கு 2021 அக்டோபர் 24-ஆம் தேதி, முதல் ரயில் ஓடி 37 வருஷம் நிறைந்த அதே நாளில், விடைகொடுத்தார்கள்.

மிச்சமிருந்த வடக்குப் பகுதி பெரும்பாடு. ஷியாம்பஜாருக்கும் பெல்காச்சியாவுக்கும் நடுவில் ரயில்வே யார்டும், சர்க்குலர் கால்வாயும் குறுக்கே கிடந்தன. அவற்றை வெட்டித் திறக்க முடியாது. அங்கே மட்டும் ஒரு கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஷீல்டு வைத்துக் குடைந்தார்கள். இரும்பு உருளை போன்ற கவசத்தை முன்னால் தள்ளிக்கொண்டே போவது அது. சுரங்கத்தின் வாயை அடைத்து உள்ளே காற்றை அழுத்தி ஏற்றினால், அந்த அழுத்தம் தண்ணீரையும் சேற்றையும் தள்ளி நிறுத்தும். உள்ளே போகிற தொழிலாளி இரண்டு கதவுகளுக்கு நடுவே உள்ள அறையில் உட்கார்ந்து உடம்பை அழுத்தத்துக்குப் பழக்கிக்கொண்டு போக வேண்டும். வரும்போது இன்னும் நிதானமாக, காற்றுச் சிலிண்டரோடு ஆழ்கடலில் மூழ்கியவர் மேலே ஏறுவதுபோல, அழுத்தத்தை இறக்கிக்கொண்டு வர வேண்டும். அவசரப்பட்டால் ரத்தத்தில் காற்றுக் குமிழி வரும். ஒரு மெட்ரோவின் பெருமையைப் பேசும்போது இந்த ஆட்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

டம்டம்–பெல்காச்சியா துண்டில் கூட்டமே வரவில்லை. இரண்டு கிலோமீட்டருக்கு யார் சுரங்கத்தில் இறங்கி ஏறுவார்கள்? 1992-ல் அதை மூடிவிட்டு, 1994-ல் ஷியாம்பஜார் வரை பாதை நீண்டபோது திரும்பத் திறந்தார்கள். 1995 செப்டம்பர் 27-ல் டம்டம் முதல் டாலிகஞ்ச் வரை 16.45 கிலோமீட்டர் முழுசாக இணைந்தது. அடிக்கல்லிலிருந்து எண்ணினால் 23 வருஷத்துக்கு மூன்று மாதம் குறைவு.

ஓடத் தொடங்கியதும் ஊர்க்காரர்கள் காட்டிய மரியாதை விசித்திரமானது. மேலே தெருவில் பான் போட்டு எங்கு வேண்டுமானாலும் துப்புகிற ஆள், படியிறங்கியதும் வாயை மூடிக்கொள்வான். ரவீந்திர சதன் ஸ்டேஷன் சுவரில் தாகூரின் கையெழுத்துப் பிரதிகளைப் பெரிதாக்கிப் பதித்திருக்கிறார்கள். அடித்துத் திருத்திய வரிகளையே பறவையாகவும் பூதமாகவும் அவர் வரைந்து வைத்திருப்பாரே, அவைதான். அதை நின்று படித்துவிட்டு ரயிலை விட்ட ஆட்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என் அபிப்பிராயத்தில் கல்கத்தா மெட்ரோவின் உண்மையான சறுக்கல் 1995-க்கு அப்புறம்தான். கற்றுக்கொண்ட ஆட்கள் இருந்தார்கள், இயந்திரம் இருந்தது, 97.5 கிலோமீட்டருக்குத் திட்டமும் இருந்தது. ஆனால் பதினாலு வருஷம் ஒரு புதிய ஸ்டேஷன்கூடத் திறக்கவில்லை. டில்லி 2002-ல் தொடங்கி மடமடவென்று தாண்டிப் போய்விட்டது. ஸ்ரீதரனின் திறமை ஒரு பக்கம் இருக்கட்டும். டில்லிக்கு என்று தனிக் கம்பெனி, தனிக் கடன், தன் முடிவைத் தானே எடுக்கும் அதிகாரம். கல்கத்தாவோ ரயில்வே பட்ஜெட்டில் ஒரு வரி. இன்றுவரை அது ரயில்வே அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறது. 2010 டிசம்பர் 29-ல், அடிக்கல் நாட்டிய அதே தேதியில், அதைத் தனி மண்டலமாகவே அறிவித்தார்கள்.

2009-ல் டாலிகஞ்சுக்குத் தெற்கே பாதை நீண்டது. இந்த முறை பாதாளம் இல்லை, தூண்களின் மேல். மம்தா பானர்ஜி ரயில்வே மந்திரியாக இருந்த காலம். ஸ்டேஷன்களுக்கெல்லாம் பெயர் மாறிற்று: டாலிகஞ்ச் மகாநாயக் உத்தம் குமார் ஆயிற்று, கடியா பஜார் கவி நஜ்ருல் ஆயிற்று. இன்றைக்கும் ஆட்டோக்காரரிடம் 'மகாநாயக் உத்தம் குமார்' என்று சொன்னால் ஒரு நொடி யோசித்துவிட்டு "ஓ, டாலிகஞ்சா" என்பார். பெயரை விடுங்கள். தூண்களை எங்கே நட்டார்கள்? ஆதிகங்கையின் நடுவில். கங்கை ஒரு காலத்தில் அந்த வழியாகத்தான் கடலுக்குப் போனது. காளி கோயில் அதன் கரையில்தான் இருக்கிறது. இப்போது அது சாக்கடைபோல் ஒடுங்கிவிட்டது என்பது வாஸ்தவம். அதற்காக ஓடையின் மார்பில் வரிசையாகத் தூண் இறக்கியதை என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. நிலம் கிடைப்பது சுலபம் என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை. அந்த நீட்டிப்பின் கடைசி ஸ்டேஷனான கவி சுபாஷ், 2010-ல் திறந்தது, 2025 ஜூலையில் தூண்களில் விரிசல் கண்டு மூடப்பட்டது. பதினைந்தே வருஷம். பாதாளத்தில் கட்டிய பழைய ஸ்டேஷன்கள் நாற்பது வருஷமாக நிற்கின்றன.

கடைசியாக, டால்ரிம்பிள்-ஹே கனவு கண்ட கிழக்கு–மேற்குப் பாதை. அதற்கென்று தனிக் கம்பெனி ஆரம்பித்து, 2009-ல் வேலை தொடங்கினார்கள். இப்போது காலம் மாறிவிட்டது; தெருவைத் திறக்க வேண்டாம், சுரங்கம் தோண்டும் இயந்திரம் வந்துவிட்டது. முன்னால் சுழலும் தட்டு மண்ணைச் சீவும். சீவிய மண்ணையே ஓர் அறையில் அழுத்தி வைத்து, அந்த அழுத்தத்தாலேயே எதிரேயுள்ள சேற்றைத் தாங்கி நிறுத்தும். பின்னால் கான்கிரீட் வளையங்களைத் தானே அடுக்கிக்கொண்டு போகும். காற்றறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய தொழிலாளிகளின் வேலையை இது செய்கிறது. பிரேர்ணா, ரச்சனா என்று பெயர் வைத்த இரண்டு இயந்திரங்கள் 2017-ல் ஹூக்ளியின் அடியில் 520 மீட்டரை ஓரிரு மாதங்களில் கடந்துவிட்டன. ஆற்றைத் தாண்டியதும் கல்கத்தாக் கரையில் பழைய யூதக் கோயில்கள், கரன்சி பில்டிங் என்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கட்டடங்கள். இயந்திரம் கீழே போகிற நாட்களில் அருகிலிருந்த பழைய வீட்டுக்காரர்களை ஓட்டல்களில் தங்க வைத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள்.

அங்கேதான் ஏமாந்தார்கள். முதலில் போட்ட பாதை பழைய லைனின் சென்ட்ரல் மெட்ரோ ஸ்டேஷன் வழியாகப் போவதாக இருந்தது. பிற்பாடு எஸ்பிளனேட் வழியாகத் திருப்பினார்கள். இரண்டு லைனும் எஸ்பிளனேடில் சேர்வது பயணிக்கு நல்லதுதான், ஆனால் அந்தத் திருப்பத்தில் சுரங்கம் பௌபஜாரின் சந்துகளுக்கு அடியில் வளைந்தது. நகை வேலை செய்யும் தட்டார்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம், நூறு வருஷத்துக்கு மேலான செங்கல் வீடுகள். 2019 ஆகஸ்ட் 31 இரவு, சண்டி என்ற இயந்திரம் மணலுக்குள் தேங்கியிருந்த தண்ணீரைக் குத்திவிட்டது. தண்ணீர் சுரங்கத்துக்குள் பாய்ந்தபோது மணலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது. மேலே துர்கா பிதுரி சந்தில் வீடுகள் அஸ்திவாரம் இழந்து உட்கார்ந்துவிட்டன. நூற்றுக்கணக்கானவர்கள் கட்டிய துணியோடு வெளியேறினார்கள். சண்டி அங்கேயே புதைந்து நின்றது. இன்னோர் இயந்திரமான ஊர்வி தன் வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வந்து சண்டி விட்ட இடத்தையும் முடிக்க வேண்டியதாயிற்று. அதோடு போகவில்லை. 2022-ல் மே மாதத்திலும் அக்டோபரிலும் அதே பகுதியில் திரும்பத் தண்ணீர் கசிந்து, திரும்ப விரிசல், திரும்ப வெளியேற்றம். ஆற்றுக்கு அடியில் பிழைத்தவர்கள் சந்துக்கு அடியில் அகப்பட்டுக்கொண்டார்கள். மண் பரிசோதனைக்காரனாக நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஆற்றுக்கு அடியில் எல்லோரும் பயந்து பயந்து, கெட்டிக் களிமண் அடுக்கைத் தேடிப் போனார்கள். பௌபஜாரில் அந்தப் பயம் கொஞ்சம் குறைந்திருக்க வேண்டும்.

2024 மார்ச் 6-ல் ஹவுரா மைதானத்திலிருந்து எஸ்பிளனேட் வரை, ஆற்றுக்கு அடியில் போகும் பாதைக்குத் திறப்புவிழா நடந்தது; மார்ச் 15-லிருந்து ஜனங்களுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. பௌபஜார் துண்டு முடிந்து சியால்டாவோடு இணைந்தது 2025 ஆகஸ்ட் 22-ல். பழைய லைனைக் கட்டியபோது எவ்வளவு வருஷம் ஆயிற்று என்று சிரித்தவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்: 2009-லிருந்து 2025 வரை, இயந்திரம், கடன், தனிக் கம்பெனி எல்லாம் இருந்தும், 16 கிலோமீட்டர் சொச்சத்துக்கு 16 வருஷம்.

நீங்கள் கல்கத்தா போனால் ஹவுராவில் ரயிலை விட்டு இறங்கியதும் டாக்சிக்காரரிடம் பேரம் பேசாமல் மெட்ரோவுக்கு இறங்குங்கள். 30 மீட்டருக்கும் கீழே இருக்கிறது அந்த ஸ்டேஷன், எஸ்கலேட்டர் இறங்கி இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும். ரயில் புறப்பட்டுச் சற்று நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே சுரங்கச் சுவரில் நீல வெளிச்சம் வரும். அதுதான் ஆறு. மெதுவாக நாற்பத்தைந்து எண்ணுவதற்குள் தாண்டிவிடும், செல்போனை எடுத்துக் கேமராவைத் திறப்பதற்குள் முடிந்துவிடும், ஆகவே முன்னாலேயே தயாராக இருங்கள். காளிகாட்டுக்கோ லேக் மார்க்கெட்டுக்கோ போக வேண்டும் என்றால் எஸ்பிளனேடில் இறங்கி, மேலே ஏறி, பழைய லைனுக்கு மாறிக்கொள்ள வேண்டும்.